சைகை இல்லாத வான்பொருட்கள்

அபஸ்துமானி மலைக்குக் கம்பிவடப் பெட்டி ஓடாத மாதம்.
குறும்பேருந்தில் பதினோரு பேர் ஏறினோம்.
பத்துப் பேருக்குக் காது கேளாது. மிச்சம் நான்,
காதில் வாங்கிக் கையால் கொடுப்பவள்.
வானியலாளர் ரெவாஸ் எங்களுக்கு ஒதுக்கியது
நாற்பது நிமிடம், ஒரு கரும்பலகை,
புகையும் கணப்பு.

விண்மீன் என்றார். அதற்குச் சைகை இருந்தது.
நிலா, சூரியன், கோள், எல்லாம் இருந்தன.
வால்வெள்ளிக்கு நானே ஒன்று செய்துவைத்திருந்தேன்,
மூடிய கை, பின்னால் விரியும் விரல்கள்.
"அது கோழி" என்றாள் த்ஸியூரி.
பத்துப் பேரும் குலுங்கினார்கள்.
ரெவாஸ் குனிந்து
தன் கால்சட்டையைச் சரிபார்த்துக்கொண்டார்.

பிறகு அவர் வேகம் பிடித்தார்.
சிவப்பு அரக்கன். வெண் குள்ளன். துடிவிண்மீன்.
நான் ஒவ்வொரு எழுத்தாக விரலில் கோத்தேன்.
வந்த விருந்தாளிகளை உள்ளே அழைக்காமல்
வாசலில் நிறுத்திப் பெயர் கேட்பதுபோல இருந்தது.
மல்ஹாஸ் கை உயர்த்தினான்:
எழுத்து வேண்டாம்.
அது என்ன செய்யும், அதைச் சொல்.

வயதானால் வீங்கிச் சிவக்கும் என்றேன்,
அருகிலிருக்கும் கோள்களை விழுங்கும் அளவுக்கு.
அவன் ரொட்டி சுடுகிறவன்.
அடுப்பின் உட்சுவரில் மாவை அறையும் அதே வீச்சு,
அப்புறம் இரண்டு உள்ளங்கையும்
உப்பி உப்பி விலகின.
எரிய ஒன்றுமில்லாமல் போனபின் எஞ்சுவது?
விரல்நுனி குவித்துத் தணலைக் கிள்ளினான்,
சுட்டதுபோல உதறினான்.
எல்லோரும் ஒருமுறை உதறிப் பார்த்தோம்.

நெபுலாவுக்கு லமாரா,
திபிலிசியில் கந்தகக் குளியலறை துடைப்பவள்.
முகத்துக்கு முன்னால் ஆவியை விலக்கினாள்,
விலக்கிய இடம் திரும்ப மூடியது,
நடுவில் ஒரு விரல் மினுங்கிற்று.

துடிவிண்மீனுக்கு யாரும் யோசிக்கக்கூட இல்லை.
த்ஸியூரி தன் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்தாள்.
ரெவாஸ் சாக்கட்டியைக் கீழே வைத்தார்.
"சிலது நொடிக்கு முப்பது தடவை" என்றார்.
சொன்னேன்.
அவள் புருவம் உயர்ந்தது: "காய்ச்சலா?"

எந்தச் சூரியனுக்கும் சொந்தமில்லாமல்
தன்போக்கில் போகும் கோள்கள் உண்டாம்.
வாஜா காற்றில் ஒரு தாளை நீட்டினான்.
முத்திரை குத்தும் கை இறங்கவில்லை.
தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு
நடந்தான்.
அவன் பதினான்கு ஆண்டு போலந்தில் பற்றவைப்பு வேலை செய்தவன்.
அதை யாரும் திருத்தவில்லை.

கருந்துளைதான் இழுபறி.
கிணறு என்றார்கள். சாக்கடைமூடி. வங்கிக்கடன்.
எதுவும் முடிவாகவில்லை, நேரம் ஆயிற்று,
கோபுரத்துக்கு ஏறினோம்.
தொலைநோக்கிக்கு இருட்டு வேண்டும் என்று
ரெவாஸ் விளக்கை அணைத்தார்.

என் கை ஒரு வாக்கியத்தின் பாதியில் இருந்தது.

பத்துப் பேரின் பேச்சும்
ஒரே சொடுக்கில் போயிற்று.
ரெவாஸுக்கு அது தெரியவில்லை, பேசிக்கொண்டே இருந்தார்.
இந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது
இந்த மலையில் மனிதர் இல்லை என்றார்.
கூரை திறந்து இரும்பு முனகியது,
வெளியே ஊசியிலை மரங்களில் காற்று,
யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
அத்தனையும் என் ஒருத்திக்குள் வந்து விழுந்தது.
என்னிடமிருந்து ஒன்றும் வெளியே போகவில்லை.

அப்போது ஒரு கை என் கையைத் தேடிப் பிடித்தது.
ஊசி குத்திக் காய்த்த விரல்நுனி, தையல்காரி.
என் உள்ளங்கையை விரித்தாள்,
அதில் தன் விரலை ஊன்றினாள்,
என் ஐந்து விரலையும் அதன்மேல்
இறுக்க மூடினாள்.
நான் மூடியபடியே நின்றேன்.
பக்கத்துக் கையைத் தேடி அதில் கொடுத்தேன்.
அது வரிசையில் அப்படியே நகர்ந்து போயிற்று,
என் கால்மேல் யாரோ மிதித்தார்கள்.

என் முறை வந்தபோது மூச்சுப் பட்டு
கண்ணாடி மங்கியிருந்தது.
ஏதோ ஒரு வெள்ளைத் தூசி.
சனிக்கோள் என்றார் ரெவாஸ்.

திரும்பும் வழியில் உள்விளக்கை அணைக்க விடவில்லை.
கண்கூசுகிறது என்று அஹல்த்ஸிகே வரைக்கும்
ஓட்டுநர் வாய் ஓயாமல் திட்டினான்.
நான் மொழிபெயர்க்கவில்லை.