மூன்று டாலர் நாற்பது சதம்

பெட்டிக்கு அவ்வளவுதான் மிச்சம்.
நூறு கையுறை, நடுத்தர அளவு.
நாங்கள் வாங்குகிற நீல நைத்ரைல்
அந்தக் கிழமை ரெஜைனா முழுக்க இல்லை.
வேறொன்று இருக்கு, மலிவு என்றான் விற்பனைக்காரன்.
அறுபது பெட்டி எடுத்தேன்.
இருநூற்று நான்கு டாலர் லாபம் என்று
மேலாளருக்கு எழுதியும் போட்டேன்,
பல் தெரியச் சிரிக்கும் ஒரு மஞ்சள் முகத்தோடு.

குகநேசன் பெட்டியை வாசித்திருக்கமாட்டார் என்று
பிறகு எல்லோரும் எனக்காகப் பேசினார்கள்.
வாசித்தேன்.
இயற்கை றப்பர் என்று இருந்தது.
இயற்கை என்றதும்
வேப்பங்குச்சி, செக்கெண்ணெய்,
நல்லதென்று நான் எப்போதோ முடிவுகட்டிய எல்லாம்
வரிசையில் வந்து நின்றன.
கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி.
அதையும் வாசித்தேன்.
வேறு யாருக்கோ எழுதியதுபோல் இருந்தது.

முதல் கிழமை மாரிவிக் விரலிடுக்கைச் சொறிந்தாள்.
சோப்பாக்கும் என்றேன்.
இரண்டாம் கிழமை கண்ணிமை தடித்தது.
நித்திரை காணாது என்றேன்.
வாழைப்பழம் தின்றால் உதடு கடிக்கும் என்று
அவள் முன்னமே சொல்லியிருக்கிறாள்.
பழம் எங்கேயாவது கடிக்குமா என்று
சமையலறையே சிரித்தது.
நான்தான் உரக்க.

வியாழன், காலை ஆறே முக்கால்.
கஞ்சிக் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தவள்
முப்பத்தொன்றில் நின்றுவிட்டாள்.
முப்பத்திரண்டு
கதவிடுக்கில் அகப்பட்டதுபோல் வந்தது.
கழுத்தெல்லாம் திட்டுத்திட்டாய்ச் சிவப்பு.
மாடியிலிருந்து ஓடிவந்த தாதி ஹலீனா
குனிந்து தொடப்போனாள்,
தன் கையைப் பார்த்தாள்,
நின்றாள்.
நான் வாங்கியது.
இரண்டையும் உரித்து எறிந்து
கையைக் கழுவிய பிறகுதான்
ஊசியை எடுத்துக் காற்சட்டைக்கு மேலாகவே
தொடையில் குத்தினாள்.
அந்தக் கழுவல் எத்தனை விநாடி என்று
யாரும் கேட்கவில்லை.
எனக்குத் தெரியும்.

விபத்துப் படிவத்தில்
காரணம் என்ற இடத்தில் ஐந்து கோடு விட்டிருந்தார்கள்.
கையுறை என்று எழுதினேன்.
நாலரைக் கோடு வெறுமையாய்க் கிடந்தது.

பிறகு தேடத் தொடங்கினேன்.
பென்சிலின் பின்பக்கம்.
ப்ரொக்கலிக் கட்டைச் சுற்றிய வளையம்.
இரத்த அழுத்தக் கருவியின் குழாய்.
பாத்திரம் துலக்கும் இடத்துக் கால்விரிப்பு.
காயத்துக்கு ஒட்டுவதுகூட.
நிறுவனங்களுக்குத் தொலைபேசி எடுத்து
இதில் றப்பர் பால் இருக்கா என்று கேட்டேன்.
பாலா, என்று ஒருத்தி திருப்பிக் கேட்டாள்,
நாங்கள் பாற்பண்ணை இல்லையே.

பதினோராம் நாள் அவள் வந்தாள்,
மணிக்கட்டில் புதிதாய் ஒரு எஃகு வளையல்,
இடுப்புப் பையில் இரண்டு ஊசி.
நான் மனனம் செய்து வைத்திருந்த மன்னிப்பை
ஆரம்பிக்க முதலே
மிச்சம் எத்தனை பெட்டி என்றாள்.
நாற்பத்தொன்று.
எங்கே?
கட்டடத்தில் இல்லை.
துடைத்ததா, அலுமாரி?
மூன்று தரம்.
சரி, என்று வெங்காயம் எடுக்கப் போனாள்.

மாசியில் ஒருநாள், வெளியே மைனஸ் இருபத்தேழு.
மேல்மாடி திருமதி ஓல்சனுக்கு நூறு வயது.
மகன், அவரே எழுபதைத் தாண்டியவர்,
கைநிறைய பலூன்களோடு வாசலில் நின்றார்.
உள்ளே விடேலாது என்றேன்.
ஒரு மணித்தியாலம்தானே என்றார்.
உடைந்தால் காற்றில் பரவும் என்றேன்.
யாருக்கு ஒத்துக்கொள்ளாது, பெயரைச் சொல் என்றார்.
இந்தக் கட்டடத்துக்கு என்றேன்.
அவர் என்னைப் பார்த்த பார்வையை
இங்கே எழுதத் தேவையில்லை.
நூல்களை வேலிக்கம்பியில் கட்டிவிட்டு
தாயிடம் வெறுங்கையோடு ஏறிப்போனார்.

குளிரில் அவை சுருங்கின.
பத்து நிமிடத்தில்
கத்தரிக்காய் அளவு.
சாப்பாட்டு நேரம் முழுக்க
யன்னலுக்கு வெளியே
தலை தொங்கிக் கிடந்தன.

இப்போது எந்தப் பெட்டி வந்தாலும்
ஆறு பக்கமும் வாசிக்கிறேன்,
மடிப்புக்குள் மறைந்ததையும்.
கையொப்பம் வைத்து அவளிடம் நீட்டுவேன்.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
முதல் எழுத்திலிருந்து
அவளும் வாசிப்பாள்.
வாசிக்கட்டும்.