கட்டுக்கு இருபத்தைந்து

எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர்.
அந்தப் பக்கம் கொம்பையா, முப்புடாதி, இரண்டு பெண்பிள்ளைகள்.
இந்தப் பக்கம் மடியில் சுளவோடு நான்.

கட்டுக்கு இருபத்தைந்து.
ஒன்று, இரண்டு என்று தொடங்கும்போது
முதல் அடி விழும்.
நான் பீடியை எண்ணுவேன்.
அடியை எண்ணாமல் இருக்கப் பீடியை எண்ணுவேன்.
பதினோரு வருஷம் என் கட்டில்
ஒன்று கூடியதில்லை, ஒன்று குறைந்ததில்லை.
செக்கர் சொல்வான்:
"கணக்குன்னா லிங்கத்தாய் அக்கா கணக்கு."

காலையில் இலைக்குத் தண்ணீர் தெளிக்கையில் கேட்பேன்,
"என்னளா, கன்னம் வீங்கியிருக்கு?"
"பல்வலி மைனி."
அவள் வாயில் முப்பத்திரண்டும் சொத்தை என்று
நானும் நம்பினேன்.
நம்புவது லேசாக இருந்தது.

சனிக்கிழமை கூலி.
பாஸ்புத்தகம் கொம்பையா சட்டைப்பையில்.
வாரத்துக்கு ஆறாயிரம் சுற்றியவள்
பிள்ளைக்கு நோட்டு வாங்க
அவன் பின்னாலேயே முக்கூடல் பஸ் ஸ்டாப் வரை நடப்பாள்.

ஆவணியில் ஒரு ராத்திரி
பதினேழாவது பீடியில் சத்தம் நின்றது.
தாழ்ப்பாள் விழுந்தது.
நூலைக் கடித்தபடி எட்டிப் பார்த்தேன்.
தெருவிளக்கின் கீழே கோரைப்பாய் விரித்து,
பிள்ளைகளை இரண்டு பக்கமும் கிடத்தி,
முப்புடாதி பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.
புருவத்திலிருந்து ஒரு சொட்டு இலையில் விழுந்தது.
அந்த இலையை மட்டும் தனியே எடுத்து வைத்தாள்.

"உள்ள வாளா மூதி, தெரு சிரிக்குது."

தெரு சிரிக்கவில்லை.
முதலில் போனது நானில்லை,
அதைச் சொல்லிவிட வேண்டும்.
வாழாமல் திரும்பி வந்தவள் என்று
எந்த விசேஷத்திலும் நாங்கள் முன்னே நிறுத்தாத
எதிர்வீட்டு உச்சிமாகாளிதான்
சுளவோடு வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.
பிறகு பூலம்மாள். பிறகு பீர் பாத்திமா.
பிறகு நான்.
விடியும்போது பத்தொன்பது கத்தரி.
ஒருத்தியும் பேசவில்லை.
கறுக், கறுக் என்று இலை வெட்டும் சத்தம்.
கொம்பையா வாசற்படியைத் தாண்டவில்லை.

ஊர்க்கூட்டம் சொன்னது:
"அடிக்கிற கைதான் அணைக்கும்.
கோயில்ல வச்சு அவன் கால்ல விழு, முடிஞ்சுது."
முப்புடாதி சொன்னாள்:
"அடிக்கிற கையைப் பாத்திருக்கேன்.
அணைக்கிற கை யாருகிட்ட இருக்குன்னு
கூட்டம் விசாரிச்சுச் சொல்லட்டும்."

அம்பாசமுத்திரம் மகளிர் ஸ்டேஷனில்
காய்ந்த இலையை மேசைமேல் வைத்தாள்.
ரைட்டர் அம்மா என் பக்கம் திரும்பி,
"நீங்க கண்ணால பாத்தீங்களா?"
"பாக்கல. கேட்டேன்."
"எவ்வளவு நாளா?"
நாக்கு ஒட்டிக்கொண்டது.
"பதினோரு வருஷம்" என்றேன்.
அவள் எழுதுவதை நிறுத்தி
ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள்.

கடைக்காரர் சொன்னார்:
"ஆம்பிளை வந்து சொன்னாத்தான் புத்தகம் கைமாறும்."
அந்தச் சனிக்கிழமை
பத்தொன்பது சுளவு கவிழ்ந்து கிடந்தது.
ஊறப்போட்ட இலை கறுத்தது.
நாலு நாள் என் வீட்டில் அடுப்பு ஒருநேரம் எரிந்தது.
என் வீட்டுக்காரர் தட்டை விட்டெறிந்தார்.
எடுத்து வைத்துவிட்டு
அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
அவர் எழுந்து போய்க் கை கழுவினார்.

ஐந்தாம் நாள் புத்தகம் அவள் கைக்கு வந்தது.
மனு இன்னும் எங்கேயோ மேசை மாறிக்கொண்டிருக்கிறது.
தம்பி வீட்டிலிருக்கும் கொம்பையா
சில ராத்திரி குடித்துவிட்டு வந்து கதவை எத்துகிறான்.
ஒரு கதவை எத்தினால்
தெருவில் எல்லாக் கதவும் திறக்கிறது.

மற்ற ராத்திரிகளில் சுவர் சும்மா இருக்கிறது.
பெரியவள் ஏழாம் வாய்ப்பாடு சொல்வது கேட்கும்.
ஏழெட்டில் தடுக்கிவிட்டு
மறுபடியும் ஓரேழிலிருந்து வருவாள்.
நான் காதைக் கொடுத்தபடி சுற்றுவேன்.

போன வாரம் செக்கர் கட்டைப் பிரித்தான்.
"என்னக்கா, இதில இருபத்தாறு இருக்கு.
இதில இருபத்துமூணு."

"இருக்கும்ய்யா" என்றேன்.
"கணக்கு விட்டுப்போச்சு."