மண் கழிவு

ரீத்தோ.
எழுதும்போது கடைசியில் ஓர் எழுத்து கூடுதல்,
சொல்லும்போது அது வாயில் வராது.
இந்த ஊர்க் கணக்குகளும் அப்படித்தான்.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வருகிறேன்,
எடை முத்திரை அலுவலகத்து லாரியில்,
இரும்புக் கட்டிகளோடு.
தொழிற்சாலை இல்லை. அதன் எடைமேடை இருக்கிறது.
கோதுமை ஏற்றிய டிராக்டர்கள்
இன்னும் அதில் ஏறி இறங்குகின்றன.

பித்தளைத் தகட்டில் முத்திரைமேல் முத்திரை.
முதலாவது ஐம்பத்திரண்டு.
இங்கே கிழங்கு காயட்டும், தூளாகட்டும்,
படைக்கும் பள்ளிக்கும் கூழாகட்டும் என்று
அரசாங்கம் சொன்ன ஆண்டு.
பண்ணையாரின் குதிரை லாயத்தை இடித்த செங்கல்லில்
புகைபோக்கி எழுந்தது.
தோல் சீவ வந்த பெண்கள்
ஓடர் ஆற்றுக்கு அப்பாலிருந்து துரத்தப்பட்டவர்கள்.
சீவிய தோலை மடியில் கட்டிக்கொண்டு போவார்கள்,
காவலாளி அந்த நேரம் பார்த்து
ஷூ நாடாவைக் கட்டுவார்.

எடைக்கூண்டின் இழுப்பறையில் பேரேடுகள் இருந்தன.
இர்ம்கார்ட் நோவாக், எடையாளர்,
முப்பத்தெட்டு ஆண்டு, ஒரே கையெழுத்து.
மையில் அரசாங்கத்துக்கு,
ஓரத்தில் பென்சிலால் தனக்கு.

ஒவ்வொரு சுமையிலும் மண் கழிவு உண்டு:
நூற்றுக்கு எட்டு, மழைக்காலத்தில் பதினைந்து.
"திட்டத்துக்கு அறுபது டன் குறைகிறது.
கழிவை மூன்றாக்கச் சொன்னார் இயக்குநர்.
இன்று மண்ணும் கிழங்காயிற்று."
இன்னொரு பக்கத்தில்,
"கொடுக்கப் பணமில்லை. கழிவு இருபது.
இன்று கிழங்கும் மண்."
எள்ளுக்காய் பிளந்ததுபோல்
நிறுக்கத் தெரிந்த கை.
அந்தக் கைதான் இதையும் எழுதியது.

எழுபத்தெட்டு, ஆண்டின் கடைசி இரவு.
பனி கதவுயரம், மின்சாரம் இல்லை,
உலர்த்தும் உருளை நின்றுவிட்டது.
நானூறு டன் உறைந்தது.
பென்சில்: "உறைந்த கிழங்கு இனிக்கிறது.
இதை யாரிடமும் சொல்லவில்லை."

மொசாம்பிக்கிலிருந்து ஒன்பது பேர்.
கொதிநீர்த் தொட்டியில் வேலை,
சம்பளத்தில் பாதி ஊரில் கிடைக்கும் என்ற வாக்கு.
தொண்ணூறில் அனுப்பிவைத்தார்கள்.
பெட்டிகளை இந்த மேடையில்தான் நிறுத்தாள்:
"ஒன்பது மரப்பெட்டி, 1140 கிலோ.
பிடித்துவைத்த சம்பளம்..."
அதற்கு எதிரே கட்டம் காலி.

மறு ஆண்டு விற்றார்கள், ஒரு மார்க்குக்கு.
ஒரு மார்க் நாணயம் ஐந்தரை கிராம்.
இருபது கிலோவுக்குக் குறைந்த எதுவும்
இந்த மேடையின் கண்ணுக்குத் தெரியாது.
வாங்கியவன் உருளையைக் கழற்றி
வேறெங்கோ விற்றான்.
இருநூற்றுப் பதின்மூன்று பேர் வாயில் மண்.
பேரேடு அங்கே முடிகிறது, பாதிப் பக்கத்தில்.

எண்பத்தைந்தில், ஒன்பது வயதில்,
இல்லாமல்போன அந்த நாட்டின் விமான நிலையத்தில்
ஓர் இரவு உட்கார்ந்திருந்தேன்.
என் பை ஏழு கிலோ.
விடிந்ததும் ரயிலேறி மேற்கே.
அன்றைக்கும் இர்ம்கார்ட்
எதையோ நிறுத்துக்கொண்டிருந்திருப்பாள்.

இன்று மேடையில் ஒன்றுமில்லை.
எண் நாற்பது காட்டியது.
பலகையைத் தூக்கினோம்.
கீழே குழி நிறைய மண்,
சக்கரங்களிலிருந்து உதிர்ந்தது,
இரும்பை முட்டும் உயரத்துக்கு இறுகிக் கிடந்தது.
பதினோரு தள்ளுவண்டி அள்ளினோம்.

ஓர்ட்வின் ஷ்மீடிக்கே, உழவர்,
வேலியோரம் நின்று பார்த்திருந்தார்.
"இது யாருடைய மண்?" என்றார்.
சட்டத்தில் இதற்குப் பிரிவில்லை என்றேன்.
"என் அப்பாவிடம் கழித்தது" என்று சொல்லி
இரண்டு வண்டி தள்ளிக்கொண்டு போனார்.
திரும்பி வந்து மூன்றாவதையும் கேட்டார்.

மேடையைத் துடைத்து மறுபடி பார்த்தேன்.
பூஜ்ஜியம்.
எழுதிக் கையொப்பமிட்டு முத்திரை அடித்தேன்,
தகட்டில் இடம் குறைந்துவிட்டதால்
ஐம்பத்திரண்டின்மேல் பாதி ஏறியபடி.
அடுத்து வந்த டிராக்டர் நனைந்திருந்தது.
ஏறியபோதே
இரண்டு கட்டி உதிர்ந்தது.