எப்போதும் வண்டியில் இருப்பது

நாலு அங்குலம் என்றான் இசக்கிராஜ்.
மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கையை விட்டு
விரல்களை விரித்துக் காட்டினான்,
அங்கே ஒரு பூனை படுத்துறங்க
இடம் பார்ப்பவன் போல.

ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு நான்.
ஆஸ்பத்திரிக்கு இதே வண்டியில்தான் போய்வருகிறேன்.
இரவுப் பணி முடிந்து கால் வீங்கிய காலையில்
நாலு அங்குலம் என்பது ஒரு படி,
யாரும் கட்டித்தராத படி.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அன்று வெயில் நாற்பத்தொன்று.
பட்டறை மின்விசிறி சூட்டையே
சுற்றிச் சுற்றிப் பரிமாறியது.
ப்ரோன்வின் கிரீஸ் கையைத் தொடையில் துடைத்தாள்.
உயரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"வண்டியில் எப்போதும் என்ன இருக்கும்?
பயணத்தன்று ஏற்றுவதைக் கேட்கவில்லை.
இறக்காமலே இருப்பது."

ஸ்பிரிங்கின் தடிமன் அந்தப் பதிலில் இருக்கிறதாம்.
மெலிந்திருந்தால் வண்டி பின்புறம் குந்திவிடும்.
தடித்திருந்தால், சுமையில்லாத நாளில்,
சாலையின் ஒவ்வொரு கல்லும்
உன் முதுகெலும்பை எண்ணிப் பார்க்கும்.

இசக்கி அடுக்கினான்.
தண்ணீர் எண்பது லிட்டர், இரண்டாவது பேட்டரி,
வின்ச், பிரிட்ஜ்,
கூரைமேல் கூடாரம்
(இன்னும் வாங்கவில்லை, மனசில் வாங்கிவிட்டான்).
நான் சேர்த்தேன்: இட்லிக் கொப்பரை.
பத்து கிலோ பொன்னி அரிசி.
ஒருமுறைகூட ஊதாத ஒரு ரப்பர் படகு,
ஆற்றில் மணல் மட்டுமே ஓடும் இந்த ஊரில்.
ப்ரோன்வின் பேனாவை மூடினாள்.
"குப்பைமேட்டில் எடைமேடை இருக்கிறது.
நிறுத்துவிட்டு வாருங்கள்."

தூத்துக்குடியில் உப்பு லாரிகள் பார்த்து வளர்ந்தவள் நான்.
பட்டையின் சிரிப்பு பாரத்தில் தட்டையாகும்,
பிறகு கவிழும்,
சோதனைச்சாவடியில் ஐம்பது ரூபாய்க்கு
எல்லாம் சரியாகிவிடும்.
மாட்டுவண்டியில் உப்பு போன காலத்தில்
அடியில் சேம அச்சு ஒன்று கட்டிப் போனார்களாம்.
எந்தப் பள்ளத்தில் ஒடியும் என்று
அவர்களுக்கு யாரும் எழுதித் தரவில்லை.

இங்கே எழுதித் தந்திருக்கிறார்கள்.
கதவு நிலையில் ஒட்டிய தகட்டில்
மொத்தம் இவ்வளவு, அதற்குமேல் இல்லை.
வண்டியை உயர்த்தினால் அந்த எண்ணும் உயரும் என்று
மூன்று மாதமாக நம்பியிருந்தோம்.

மேடையில் ஏறினோம், இருவரும் உள்ளே.
எங்களுக்கு முன்னே ஒரு கிழவர்
பழைய மெத்தை ஒன்றைக் கொட்டிவிட்டு
இலேசாகிப் போனார்.
சிவப்பு எண்கள் எரிந்தன.
தகட்டு எண்ணில் மிச்சம் முப்பத்தேழு கிலோ.
கூடாரம் ஐம்பத்தெட்டு.

இன்ஜினை அணைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.
"நான் இறங்கிக்கொண்டால் கூடாரம் ஏறும்" என்றேன்.
உடனே சிரிப்பான் என்று நினைத்தேன்.
கணக்குப் போட்டான்.
பிறகு சிரித்தான்.
நடுவில் இருந்த இடைவெளி எத்தனை அங்குலம் என்று
நான் அளக்கவில்லை.

இரண்டு அங்குலம். பின்னால் நடுத்தர ஸ்பிரிங்.
படகு அங்கேயே இறங்கியது,
அதற்குத் தனியே பத்து டாலர் கட்டணம்.
கூடாரப் படத்தை அவன் போனிலிருந்து அழிக்கவில்லை;
பார்த்தேன், கேட்கவில்லை.

வியாழக்கிழமை இரவு ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தோம்.
முன்பு ஹெட்லைட் விண்மீனைத் தேடும்,
எதிரே வரும் ரோடு டிரெயின்கள்
விளக்கடித்துத் திட்டும்.
அன்று ஒருவரும் திட்டவில்லை.
வெளிச்சம் சாலையில் விழுந்தது,
விழ வேண்டிய இடத்தில்.

ஏறும்போது மட்டும் கைப்பிடியைப் பற்றி ஒரு எம்பல்.
பழகிவிடும் என்கிறான்.
பொன்னி அரிசி இன்னும் பின்னால்தான் இருக்கிறது.
சமைக்க எடுத்தால் அன்றே வேறொன்று வாங்கி வைக்கிறேன்.
அதையும் சேர்த்துத்தானே ஸ்பிரிங் போட்டோம்,
இறக்கிவிட்டால்
குலுக்கும்.