நான்கு விநாடி

முதல் வாரம் எனக்குத் தந்த வேலை
மூச்சை வெட்டுவது.
சங்கத் தலைவர் ஒருவரின் நேர்காணலில்
நாற்பத்தோரு மூச்சு, பதினேழு ‘வந்து’.
எல்லாம் போனபின்
தண்ணீருக்கடியில் பேசுகிறவர்போல் இருந்தார்.
“சுத்தமா இருக்கு,” என்றார் லோகேஸ்வரி.

வெட்டியதை அழிக்க மனமில்லை,
என் பெயரிட்ட கோப்பில் போட்டுவைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை.
ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலுக்கும்
பற்பசை விளம்பரத்துக்கும் நடுவே
யாரோ மூட மறந்த மைக்.
நாசி லெமாக் பொட்டலம் பிரித்தேன்,
முட்டை சூடு, ஊதினேன்.
சிவப்பு விளக்கைப் பார்த்தது அப்புறம்தான்.

கெப்போங்கிலிருந்து ஒரு டாக்சிக்காரர்:
“யாரும்மா அங்க பசியாறுறது?”
பெயரைச் சொன்னேன்.
“வந்து...” என்று இழுத்தார்.
வெட்டாமல் காத்திருந்தேன்.