வளர்ப்பதில்லை

என் பெயர் அவர்களுக்குத் தேவையில்லை. எண் போதும்.
ஏழு ஐந்து ஒன்று ஒன்பது, தமிழ்,
பேசலாம்.

கட்டூம்பாவில், மலைமேல், ஒரு கிளினிக்.
ஸ்பீக்கரில் போட்ட போன், கதவு சாத்தும் சத்தம்,
பிறகு ஓர் இருமல்:
சளி இல்லாத, தகரத்தில் ஆணி இழுக்கிற இருமல்.
இங்கே மெல்பர்னில் என் அடுப்பில் பருப்பு.
தீயைக் குறைத்தேன்.

காய்ச்சல் எத்தனை நாள்? ஐந்து.
இருமினால் இரத்தம்? இல்லை.
தலைவலி?
"தலையிடியோ? தலைக்குள்ள ஆரோ மரம் அரியினம்."
மரம் அறுக்கிறார்கள் என்றே சொன்னேன்.
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது,
எங்கள் தொழிலுக்கு அவ்வளவுதான் வேதம்.

அந்த டாக்டருக்கு அவசரம். அவசரத்திலும்
பட்டியலின் கடைசிக் கேள்வியை விடவில்லை.
பறவை ஏதாவது வளர்க்கிறாரா, கிளி, புறா, கோழி?
வளர்க்கிறீங்களா என்று கேட்டேன்.
"சீச்சீ, வளக்கிறேல்லை. வீட்டில கூடே இல்லை."
இல்லை என்றேன்.
ஒரு சொல். ஆங்கிலத்தில் இன்னும் சின்னது.
அமாக்சிசிலின், ஏழு நாள், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும்.
நன்றி, உரைபெயர்ப்பாளர். டொக்.

நான்காம் நாள் இரவு பதினொன்றரைக்கு
அதே இருமல் திரும்ப என் பங்கில் விழுந்தது.
ஊரின் பெயர் காதில் ஏறுமுன்பே தெரிந்துவிட்டது.
இப்போது ஆஸ்பத்திரி. ஆக்சிஜன் சீறுகிறது.
எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளை,
காய்ச்சல் நாற்பதைத் தொடுகிறது, நாடி மட்டும்
எண்பதில், ஊர்வலத்துக்குப் பின்னால் தனியாக வருகிறவனைப் போல.
இதுதான் உறுத்துகிறது என்றார் டாக்டர் கோவாச்,
தனக்குத்தானே.
அதையும் தமிழில் சொன்னேன்.

அவர் நோயைக் கேட்கவில்லை.
காய்ச்சலுக்கு முந்தின இரண்டு வாரம் என்ன செய்தீர்கள்?
சனி, ஞாயிறு, ஒவ்வொரு நாளாய்ச் சொல்லுங்கள்.

"என்னத்தைச் செய்யிறது. வேலை. வீடு.
ஒரு சனிக்கிழமை புல்லு வெட்டினனான்.
மழையில்லை, காய்ஞ்ச புல்லு,
மிசின்ர பை கிழிஞ்சு போச்சு, பையில்லாமத்தான் வெட்டினது.
ஒரே தூசி.
புல்லெண்டு சொல்லுறன், பாதி அதுகளின்ர எச்சம்."

எதுங்களோட?

கேட்டது டாக்டர் இல்லை. நான்.
தெளிவுக்காகக் கேட்கலாம், விதியில் இடமுண்டு.
இவ்வளவு சத்தமாகக் கேட்க இடமில்லை.

"சிவப்பு உடம்பு, நீலச் செட்டை.
விடிய வேலியில வந்து நிக்குங்கள். மிஞ்சின சோறு வைப்பன்.
வளக்கிறேல்லைத் தங்கச்சி,
அதுகள் தானா வாறது."

நான் கரூர்க்காரி.
செட்டை என்றால் சிறகு என்று இந்த வேலையில்தான் கற்றேன்.
சிறகு என்று சொல்லி, தானாக வருகின்றன என்று முடிக்குமுன்
அந்தப் பக்கம் பேனா ஓடியது.
டாக்சிசைக்ளின், இப்போதே.
தொண்டையில் ஒரு பஞ்சுக்குச்சி, சோதனைக்கு;
முடிவு வர நாளாகும், நாம் காத்திருக்கப் போவதில்லை.
கிளிகளிடமிருந்து தொற்றுகிற நிமோனியாவாக இருக்கலாம்
என்று அவரிடம் சொல்லுங்கள்.

சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஆக்சிஜன் மட்டும் பேசியது.
பிறகு அவர்:
"அப்ப அதுகளுக்கும் சுகமில்லையோ?"

பதினெட்டு நிமிடம் என்று பதிந்து அழைப்பை மூடினேன்.
காய்ச்சல் விட்டதா, எனக்குச் சொல்ல மாட்டார்கள்.
எவருடைய முடிவும் எனக்கு வருவதில்லை, பாதிகள்தான் வரும்.
முதல் நாள் நான் சொன்ன இல்லை சரியான இல்லை.
பதிவைப் போட்டுக் கேட்டாலும் சரிதான்.
போட்டுக் கேட்கிறேன், தூக்கம் வராதபோது, தலைக்குள்.

இன்று டப்போவிலிருந்து ஓர் அம்மாள், இருமல், இரண்டு வாரமாக.
ஆடு மாடு ஏதாவது வளர்க்கிறாரா என்றார் டாக்டர்.
வளர்க்கிறீங்களா என்று கேட்டேன். ஒரு மூச்சு விட்டேன்.
பக்கத்தில் கட்டியிருக்கா, வேலையில தொடுறீங்களா,
காத்தில வாடை வருதா,
தானா ஏதாச்சும் வருதா?

கேள்வி ஆங்கிலத்தில் இவ்வளவு நீளமில்லையே
என்றார் அவர்.