மாதிரி எண் பதினொன்று

மலையின் விலாவில் யாரோ எப்போதோ செருகிவைத்த இரும்புக் குழாய்.
கட்டைவிரல் பருமனுக்கு நீர்.
வளைவில் இரண்டு வண்டி நிற்க இடம் உண்டு.
மூன்றாவதாக வருகிறவர்
ஒரு சக்கரத்தைப் பள்ளத்தில் இறக்கித்தான் ஆகவேண்டும்.

மேற்கு வர்ஜீனியாவில்
நிலக்கரி லாரிகள் ஓடித் தேய்ந்த சாலை.
லாரிகள் நின்றுபோய் ஆறு வருடம்.
தோண்டிய குழிகளில் தேங்கியது மட்டும்
இன்னும் தவறாமல் வேலைக்கு வருகிறது,
எங்கள் கிணறுகளுக்குள்.

நான் மாவட்டச் சுகாதார அலுவலகத்து ஆள்.
ஐஸ் பெட்டி, கையுறை, நூறு மில்லி புட்டி.
தண்ணீரைப் பழிக்கச் சம்பளம் வாங்குகிறவள்.

அன்றைக்கு எனக்கு முன்னால்
ஓர்வில் ஸ்டம்போ முப்பத்தாறு பால் கேன்களோடு நின்றார்.
கேன் ஒன்றுக்கு நாற்பது நொடி.
அவர் பின்னால் ட்ரெஸ்ஸா, இரண்டே புட்டி, காரில் அழுகிற பிள்ளை.
முதலில் நீ பிடித்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை.
அவளும் கேட்கவில்லை.
அடியில் கட்டைக் குரலில் தொடங்கும் நீர்,
கழுத்தை நெருங்க நெருங்கக் கீச்சென்று உயரும்.
முப்பத்தாறு தடவை அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

என் முறை வந்ததும் விலகினார்கள்,
சவ வண்டிக்கு வழிவிடுவதுபோல.
நூறு மில்லி. மூடினேன். எண் எழுதினேன்.
"அடைத்துக்கிடைத்துவிடாதே, லோரீன்,"
என்றார் ஓர்வில், குழாயைப் பார்த்தபடி.

மறுநாள் புட்டி மஞ்சளாகியிருந்தது.
மஞ்சள் என்றால் இருக்கிறது.
என்ன இருக்கிறது என்றால்
குடலில் இருப்பது. மானின் குடலோ, மாட்டின் குடலோ,
புட்டி அதைச் சொல்லாது.

பலகையை நானே எழுதினேன்.
நானே கொண்டுபோய் ஓக் மரத்தில் அடித்தேன்.
குடிக்கத் தகுந்ததல்ல.
ஆணி நீளம் அதிகம், ஓர் அங்குலம் வெளியே துருத்தி நின்றது.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால்
பலகை அப்படியே இருக்கிறது.
எழுத்தின்மேல் ஒரு கீறல் இல்லை.
துருத்திய ஆணியில்
யாரோ ஒரு தகரக் குவளையை மாட்டியிருக்கிறார்கள்.

என் வீட்டுத் தண்ணீருக்குச் சான்றிதழ் உண்டு.
நகரக் குழாய். அளவுகள் எல்லாம் வரம்புக்குள்.
அந்த வரம்புக்குள் தோய்த்துத் தோய்த்து
மகனின் வெள்ளைச் சட்டைகள் தேநீர் நிறத்துக்கு வந்தாயிற்று.
தொட்டியில் துருக்கோடு.
மூடியைத் திருகினால் தீக்குச்சி உரசிய வாடை.
நாய்கூட முகர்ந்துவிட்டு
வெளியே மழைவாளியைத் தேடிப் போகிறது.

அதனால் பதினொன்றரை மணிக்கு மேல் போவேன்.
அலுவலக வண்டி வேண்டாம், கணவனின் பிக்கப்.
விளக்கை அணைத்துவிட்டு,
நாலு கேன்.
இருட்டில் நிரம்பியதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

நேற்று அங்கே இன்னொரு வண்டி,
அதுவும் விளக்கில்லாமல்.
ட்ரெஸ்ஸா. மருத்துவமனைச் சீருடையைக்கூட மாற்றவில்லை.
என் கேன்களைப் பார்த்தாள்.
மரத்தின் பக்கம் திரும்பினாள்.
கேட்டுவிடப் போகிறாள் என்று
நாக்கு நுனியில் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"உன் விளக்கைப் போடு," என்றாள்.
"மூடி எங்கேயோ விழுந்துவிட்டது."

போட்டேன்.
வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது என் கையெழுத்து.
பிறகு குவளை, உள்ளே ஈரம்.
பிறகுதான்
பாறைக்கும் பாசிக்கும் நடுவில் அந்த நீல மூடி.

குனிந்து எடுத்தாள்,
ஓடுகிற நீரிலேயே கழுவித் திருகினாள்.
"பிள்ளைக்குக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறேன்,"
என்றாள், யாரும் கேட்காமலே.

நானும் அப்படித்தான் என்றேன்.
விளக்கை அணைத்தேன்.
முதல் கேனைக் குழாயடிக்குத் தள்ளினேன்.
கட்டைக் குரலில் தொடங்கியது.